மேடையில்லாத நாள்கள்

அந்தி வேளையில் குருமனைக் கதவைத் தட்டும் தாய்மார் கொண்டுவரும் வழக்குகள் பெரும்பாலும் மூன்று வகையுள் அடங்கும். கணவர் குடிக்கிறார், கணவர் கை நீட்டுகிறார், கணவர் வேலைக்குச் செல்வதில்லை. ஓர் ஐப்பசி மழையில், நனைந்த குடையும் கலங்கிய கண்களுமாக மேனாம்பேட்டிலிருந்து வந்து நின்ற அம்மையாரின் முறையீடு மூன்றாம் வகையைச் சேர்ந்தது என்றே நாமும் முதலில் எண்ணினோம்.

“சாமி, பத்து நாளாக ஒரு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு சன்னல் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். வந்த ஒரு கலியாண நிகழ்ச்சியையும் வேண்டாம் என்று திருப்பிவிட்டார். பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும். கேட்டால், ‘இதுவும் வேலைதான்’ என்கிறார். சும்மா உட்கார்ந்திருப்பது எந்த ஊரில் வேலை, சாமி?”

வழக்கின் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்பை உருவாக்கிக்கொள்வது எம் போன்றோர்க்கு எளிதில் நேரும் குற்றம். உழைப்பின் மேன்மையைப் பற்றி நான்கு நல்ல வாக்கியங்களை மனத்துள் அடுக்கிக்கொண்டே மறுநாள் அவர்கள் இல்லம் சென்றோம். இரண்டு அறைகள் கொண்ட வாடகைப் பகுதி. சன்னல் ஓரம் நாற்காலி, நாற்காலியில் அவர், மடியில் நோட்டு. அம்மையார் கூறியதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை.

நாம் வாய் திறக்குமுன் அவரே கேட்டார்: “சாமி, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பத்து நிமிடம் பிரசங்கம் வைக்கிறீர்கள். அதற்கு எவ்வளவு நேரம் உட்கார்ந்து படிப்பீர்கள்?”

உண்மையைச் சொல்வதா என்று சற்றே தயங்கி, “நல்ல வாரமாக இருந்தால் நான்கு மணி நேரம்” என்றோம்.

“நான் ஓர் இரவில் ஒன்றரை மணி நேரம் நின்று பேசுகிறேன், சாமி” என்றார் அவர்.

நாம் அடுக்கிச் சென்ற நான்கு வாக்கியங்களும் தொண்டையிலேயே நின்றுவிட்டன.

இவரது தொழில், ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் வேடம். புதுக்கோட்டைச் சீமையில் பிறந்தவர். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில், ஆயத்த ஆடை தைக்கும் நிறுவனம் ஒன்றில் மனைவிக்கு வேலை கிடைத்ததால் குடும்பத்தோடு மேனாம்பேட்டில் வந்து குடியேறினார். 1964-இல் அமைக்கப்பெற்ற அத்தொழிற்பேட்டை, பல மாவட்டத்து மக்களை இப்பக்கம் இழுத்து வந்திருக்கிறது. எம் பங்கில் பாதிப் பேருக்குச் சொந்த ஊர் வேறு. திருவிழாக் காலத்தில் இவர் தெற்கே சென்றுவிடுவார். மற்ற மாதங்களில் திருமண வரவேற்புகளிலும் பள்ளி ஆண்டு விழாக்களிலும் ஒலிவாங்கியைப் பிடித்து விருந்தினரைச் சிரிக்க வைப்பார். மாதச் சம்பளம் இல்லை. வருங்கால வைப்பு நிதி இல்லை. விடுப்பு என்பதும் இல்லை. அழைத்தால் வருமானம், அழைக்காவிட்டால் சன்னல் ஓரம்.

ஸ்பெஷல் நாடகம் என்றதும் சென்னை வாசகர்கள் நகரத்துச் சபா நாடகங்களை நினைத்துக்கொள்ள வேண்டா. மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல், சிவகங்கைப் பகுதிக் கிராமங்களில் திருவிழாவுக்குத் திருவிழா நடைபெறும் இரவு நாடகம் இது. இதற்குக் கம்பெனி கிடையாது. விழாக் குழுவினர் ஏஜெண்டு வாயிலாக ராஜபார்ட்டை ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட்டை மற்றோர் ஊரிலிருந்தும், பபூனை வேறோர் ஊரிலிருந்தும், ஆர்மோனியக்காரரை இன்னோர் ஊரிலிருந்தும் தனித்தனியே பேசி முன்பணம் கொடுத்து வரவழைப்பார்கள். ஒவ்வொருவரும் ‘ஸ்பெஷலாக’ அழைக்கப்பட்டவர். ஆகவே அது ஸ்பெஷல் நாடகம். கலைஞர்கள் ஒருவரையொருவர் சந்திப்பது அன்றிரவு ஒப்பனைக் கொட்டகையில்தான். ஒத்திகை என்பதே இல்லை, இயக்குநரும் இல்லை. இரவு பத்து மணியளவில் தொடங்கினால் பொழுது புலரும்வரை நடக்கும்.

நம் பங்கில் கிறிஸ்துமஸ் நாடகத்திற்கு ஆறு வாரம் ஒத்திகை பார்க்கிறோம். அப்படியும் மூன்றாம் ஞானி தமது வசனத்தை மறந்து, வெள்ளைப் போளத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கிறார். ஒத்திகையே இல்லாமல் ஓர் இரவு முழுவதும் எவ்வாறு நடத்துகிறார்கள்?

கதையும் பாடல்களும் ஏற்கெனவே உள்ளவை. தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இயற்றிய வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி முதலிய நாடகங்கள் இக்கலைஞர்களுக்கு மனப்பாடம். கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு நெருக்கமான ஞானசௌந்தரி கதையும் இந்த மேடைக்குப் புதியதன்று. அது 1948-இல் திரைப்படமாகவும் வந்தது. கதையும் பாட்டும் எலும்புகள். அவற்றின் மீது ஏறும் சதையெல்லாம், அதாவது வாதம், கேலி, பதிலுக்குப் பதில், ஊர்ப் பேச்சு ஆகிய யாவும், அந்த இரவில் அந்த மேடையிலேயே பிறக்க வேண்டியவை. வள்ளி திருமணத்தில் நாரதருக்கும் வள்ளிக்கும் நடைபெறும் தர்க்கம் நெடுநேரம் நீளும். வள்ளி வேடம் தாங்கியவர் புராணத்திலிருந்து ஒரு கேள்வியைத் தொடுத்து, நாரதர் விடை தெரியாமல் திணறிவிட்டால், அந்தச் செய்தி அடுத்த ஊருக்கு அவருக்கு முன்பே சென்றுவிடும். அவரை அழைக்க நினைத்த விழாக் குழு வேறொருவரை அழைக்கும்.

பபூனின் நிலை இதனினும் கடினம். நாடகத்தின் தொடக்கத்தில் மேடையில் அவர் தனியே நிற்பார். ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் மேடை ஓரத்திலிருந்து ‘ஆமா’, ‘அப்புறம்?’ என்று எடுத்துக் கொடுப்பதைத் தவிர வேறு துணை இல்லை. எதிரே பாய் விரித்து அமர்ந்திருக்கும் கூட்டம் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. பிள்ளைகள் அழுவார்கள், பின்வரிசையில் சிலர் மது மயக்கத்தில் இருப்பார்கள். அந்தக் கூட்டத்தைச் சேர்த்துக் கட்டி, கதாநாயகர் கையில் ஒப்படைப்பதே பபூனின் பணி. அதன்பின் நடனப் பெண்ணோடு ஒரு நகைச்சுவைக் காட்சி. அதிலும் எழுதி வைத்த வசனம் கிடையாது.

“உடனுக்குடன் பேசுவதுதானே, அதற்கு எதற்குப் படிப்பு?” என்று நாம் கேட்டோம். அறியாமையால் கேட்டதுதான். அவர் நோட்டை நம்மிடம் நீட்டினார்.

ஒவ்வொரு பக்கத்தின் மேலும் ஊர்ப் பெயரும் நாளும். அதன் கீழே இரண்டு பத்திகள்: ‘எடுபட்டது’, ‘எடுபடவில்லை’. எடுபடாதவற்றுள் சிலவற்றின் பக்கத்தில் காரணமும் எழுதியிருந்தார். ‘அவசரப்பட்டேன்.’ ‘ஆர்மோனியக்காரர் பேச வந்ததை முடிக்க விடவில்லை.’ ‘இந்த ஊரில் அன்று காலை ஒரு சாவு, தெரியாமல் சாவைப் பற்றிக் கேலி பேசினேன்.’ இந்தக் கடைசி வரியின் கீழே இரண்டு கோடுகள் இழுக்கப்பட்டிருந்தன. அதற்குப் பிறகு எந்த ஊரில் இறங்கினாலும் முதலில் தேநீர்க் கடையில் அரை மணி நேரம் அமர்ந்து, ஊரில் நல்லது கெட்டது என்ன என்று விசாரித்துவிட்டே ஒப்பனைக் கொட்டகைக்குச் செல்வதாகக் கூறினார்.

ஆசுகவிகளைப் பற்றி நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். கொடுத்த பொருளில் கொடுத்த நொடியில் பாடும் அப்புலவர்களின் ஆற்றல் வானிலிருந்து விழுந்ததென்று பலர் எண்ணுகிறார்கள். யாப்பும் சொல்வளமும் பழகிப் பழகிக் குருதியில் கலந்தவர்க்கே அது கைகூடும். நாகசுரக் கலைஞர் ஓர் இராகத்தை மணிக்கணக்கில் மனோதர்மமாக விரிக்கிறார். அந்த விரிவுக்குப் பின்னால் யாரும் காணாத சாதகம் இருக்கிறது. திருமணங்கள் நடைபெறாத ஆடியும் மார்கழியும் அவர்களுக்கு வருமானம் குறைந்த மாதங்கள். ஆனால் வாத்தியத்தோடு நெடுநேரம் தனித்திருக்க வாய்ப்பதும் அம்மாதங்களில்தான். நாடக மேடையில் எம்.ஆர். ராதா (1907–1979) நிகழ்த்திய ‘ரத்தக் கண்ணீ’ரை நம் தந்தையார் தலைமுறையினர் கண்டிருக்கிறார்கள். அன்றன்றைய நாளிதழ்ச் செய்திகள் அன்றிரவே அவர் வாயில் வசனமாகிவிடும் என்பார்கள். அதற்கு முதற்படி, அன்றைய நாளிதழைப் படித்திருப்பதல்லவா?

ஆக, இத்தொழிலில் பயிற்சி வேண்டுமா என்பது கேள்வியே அன்று. பயிற்சிக்கான நேரத்தை யார் கொடுப்பது என்பதே கேள்வி.

முன்பு கம்பெனி கொடுத்தது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்னும் சிறுவர் நாடகக் குழுவை அமைத்தார். பிற்காலத்தில் டி.கே.எஸ். சகோதரர்கள் என்று புகழ்பெற்றவர்கள் சிறுவர்களாக அதில் சேர்ந்தார்கள். அவர்களுள் ஒருவரான அவ்வை டி.கே. சண்முகம் ‘எனது நாடக வாழ்க்கை’ என்ற தம் நூலில் அந்நாள்களை விரிவாக எழுதியிருக்கிறார். சிறுவர்கள் கம்பெனி வீட்டிலேயே தங்கி, அங்கேயே உண்டு, பாட்டும் வசனமும் பாடம் கேட்டார்கள். நாடகம் இல்லாத பகல் நேரமும் கம்பெனிக்கு உரியது. அந்த நேரத்திற்கும் சேர்த்துத்தான் சோறு போடப்பட்டது. அவ்வாழ்க்கையில் கடுமை மிகுதி. எம் பங்குச் சிறுவர்கள் எவரையும் அவ்வாறு அனுப்ப நாம் சம்மதிக்கமாட்டோம். எனினும், படிக்கும் நேரமும் வேலை நேரமே என்னும் கணக்கு அங்கே ஐயத்திற்கு இடமின்றி இருந்தது.

கம்பெனிகள் செழித்த காலத்திலேயே ஸ்பெஷல் நாடகமும் வளர்ந்தது. எஸ்.ஜி. கிட்டப்பாவும் (1906–1933) கே.பி. சுந்தராம்பாளும் (1908–1980) இணைந்து நடித்துக் கூட்டத்தைக் கட்டிப்போட்டது இத்தகைய மேடைகளில்தான். பின்னர்க் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. கலைஞர் தனியாளாக நின்றார். தனியாளுக்குச் சுதந்தரம் உண்டு. எந்த ஊருக்கு, எந்த நாளில், எத்தொகைக்கு என்பதை அவரே தீர்மானிக்கலாம். ஆனால் விழாக் குழு கொடுப்பது அந்த ஓர் இரவுக்கான தொகை. அந்த இரவைத் தாங்கும் இருபது பகல்களுக்கு யாரும் பணம் கொடுப்பதில்லை. ஆகவே இருபது பகல்களும் ‘சும்மா இருத்தல்’ என்று பெயர் பெற்றுவிடுகின்றன, முதலில் உலகத்தாரிடம், பிறகு வீட்டாரிடம், இறுதியில் கலைஞரின் சொந்த மனத்திலும்.

இது தமிழ்நாட்டிற்கு மட்டும் உரிய சங்கடமன்று. இத்தாலி நாட்டுப் பதுவை நகரில், நம் பக்தர்கள் புனித அந்தோனியாரோடு சேர்த்து நினைக்கும் அதே பதுவையில், 1545-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் எட்டு நடிகர்கள் ஒன்றுகூடி ஓர் ஒப்பந்தம் எழுதிக் கையொப்பமிட்டார்கள். தொழில்முறை நாடகக் குழு ஒன்றின் ஒப்பந்தமாக ஐரோப்பாவில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய ஆவணங்களுள் அது ஒன்று. வருமானத்தைப் பொதுப் பெட்டியில் போடுவது, பொருள்களைச் சுமக்கப் பொதுவில் ஒரு குதிரை வாங்குவது, எவரேனும் நோயுற்றால் பொதுப் பணத்திலிருந்து பேணுவது என்றெல்லாம் அதில் எழுதிக்கொண்டார்கள். இவர்கள் வழியில் வளர்ந்த கொமேடியா தெல்லார்த்தே என்னும் நாடக முறையும் நம் ஸ்பெஷல் நாடகத்திற்கு ஒன்றுவிட்ட சகோதரமே. கதைச் சுருக்கம் மட்டும் தாளில் இருக்கும். உரையாடலை மேடையில் நடிகர்களே புனைவார்கள். அந்நடிகர்களும் நோட்டு வைத்திருந்தார்கள்! காதலர் வாதம், கிழவர் புலம்பல், வீரர் பீற்றல் என்று வகை பிரித்து, படித்ததையும் கேட்டதையும் குறித்துவைத்து, வேண்டும்போது எடுத்தாண்டார்கள். 1611-இல் பிளாமினியோ ஸ்காலா இத்தகைய ஐம்பது கதைச் சுருக்கங்களை நூலாக வெளியிட்டார். மேனாம்பேட்டுச் சன்னல் ஓர நோட்டுக்கு ஐரோப்பாவில் இத்தனை முன்னோர் இருந்திருக்கிறார்கள் என்று அம்மையாரிடம் கூறினோம். “அவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் யார் கட்டினார்கள், சாமி?” என்று கேட்டுவிட்டார். விடை கூற இயலவில்லை.

சென்ற நூற்றாண்டில் அமெரிக்காவின் சிக்காகோ நகரில், குடியேறிய குடும்பங்களின் குழந்தைகளுக்கென வயோலா ஸ்போலின் (1906–1994) என்ற அம்மையார் சில நாடக விளையாட்டுகளை வகுத்தார். அவற்றை 1963-இல் நூலாகவும் வெளியிட்டார். எழுதாத வசனத்தைப் பேசப் பழகுவோர் உலகெங்கும் இன்று அவ்விளையாட்டுகளையும் அவற்றின் வழிவந்தவற்றையும் ஆடிப் பழகுகிறார்கள். நம் சென்னையிலும் இளைஞர் குழுக்கள் உள்ளன. அப்பயிற்சியின் உயிர்நாடியை நாம் விளங்கிக்கொண்ட அளவில் கூறுவதானால், அது பேசப் பழகுவதைவிடக் கேட்கப் பழகுவது. எதிரே நிற்பவர் என்ன கொடுக்கிறார் என்று கேட்டு, அதைத் தள்ளாமல் வாங்கிக்கொண்டு, அதன்மேல் ஒன்றை வைப்பது. இது தனியே நாற்காலியில் அமர்ந்து கற்கக்கூடியதன்று, இன்னொருவர் வேண்டும். கூத்துப்பட்டறை போன்ற அமைப்புகள் (ந. முத்துசாமி அவர்கள் 1977-இல் சென்னையில் தோற்றுவித்தது அது) நடிகர்களை ஒரு கூரையின் கீழ்ச் சேர்த்து நாள்தோறும் பழக்கியதன் பயன் இதுதான். தனியாளாகப் பிழைப்பவருக்கு அந்தக் கூரை இல்லை.

மேனாம்பேட்டு வழக்கிற்கு வருவோம்.

அம்மையாரின் அச்சத்திற்கு வலுவான காரணம் இருந்தது. 2020-ஆம் ஆண்டு பங்குனியில் ஊரடங்கு வந்தது. பங்குனி, சித்திரை, வைகாசி ஆகிய மூன்று மாதங்களே இவர்களுக்கு அறுவடைக் காலம். பேசி முடித்த நாடகங்கள் அனைத்தும் நின்றன; வாங்கிய முன்பணத்தைச் சிலர் திருப்பிக் கேட்டார்கள். 2021 சித்திரையிலும் அதே கதை. அவ்விரண்டு ஆண்டுகளில் அவர் இரவுக் காவலாளியாகப் பணி செய்தார்; அம்மையாரின் வளையல்கள் அடகுக் கடைக்குச் சென்றன; ஒன்று திரும்பவேயில்லை. அதை அனுபவித்த ஒரு பெண்ணுக்கு, கையில் வந்த நிகழ்ச்சியை வேண்டாமென்று சொல்வது, வீட்டுக்குள் தீ வைப்பதற்கு ஒப்பாகத் தோன்றியதில் வியப்பில்லை.

அவருடைய அச்சத்திற்கும் காரணம் இருந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு நல்ல பேச்சைத் தயாரித்துவிட்டால் அதை வைத்தே நான்கைந்து பருவங்கள் ஓட்டலாம். மேலூரில் சொன்னது மணப்பாறைக்குப் புதிது. இப்போது மேலூர் மேடைக்கு முன்னால் இருபது கைப்பேசிகள் ஒளிப்படம் பிடிக்கின்றன. மறுநாளே அது யூடியூபில் ஏறிவிடுகிறது; மணப்பாறைக் கூட்டம் அவர் வாய் திறக்குமுன் முடிவைச் சொல்லிச் சிரிக்கிறது. முந்திய ஆவணியில் ஓர் ஊரில், முன்வரிசைச் சிறுவன் ஒருவன் இவருடைய நகைச்சுவையை இவரைவிட விரைவாகச் சொல்லி முடித்துவிட்டானாம். கூட்டம் சிறுவனுக்குக் கை தட்டியது. அன்றிரவுதான், மழைக்காலம் வந்ததும் புதிய சரக்குத் தேடுவது என்று அவர் முடிவு செய்தார். சொந்த ஊர்ப் பக்கத்தில் முதிய ஆர்மோனியக் கலைஞர் ஒருவர் இருக்கிறார். பழைய பபூன்கள் பலரோடு வாசித்தவர். சுவாமிகள் மறைந்தது நவம்பர் 13-ஆம் நாள். ஐப்பசியில் குருபூசைக்குக் கலைஞர்கள் கூடும் சமயம் அந்த முதியவரோடு பத்து நாள் தங்கிப் பழைய முறைகளைக் கேட்டறிய எண்ணினார். திருமண நிகழ்ச்சியை மறுத்தது அதற்காகவே.

“இதை வீட்டில் சொன்னீர்களா?” என்று கேட்டோம்.

சொல்லவில்லை.

குற்றம் இங்கேதான் இருந்தது என்பது எம் எண்ணம். படிக்க நேரம் ஒதுக்கியதில் தவறில்லை. அந்த நேரத்திற்கு விலை கொடுக்கப் போகிறவர்களிடம் கேளாமல் ஒதுக்கியது தவறு. ஒரு நிகழ்ச்சியை மறுத்தால், அந்தத் தொகை வானத்திலிருந்து கழிக்கப்படுவதில்லை. பிள்ளையின் கட்டணத்திலிருந்தும் அரிசியிலிருந்தும் கழிக்கப்படுகிறது. இன்னொன்றையும் கூறத்தான் வேண்டும். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு சோம்பி இருப்போரும் உலகில் உண்டு. ‘தயாரிப்பு’ என்ற பெயரில் நாமே குருமனையில் எத்தனையோ பிற்பகல்களைத் தூக்கத்தில் கழித்ததுண்டு, சமையற்காரர் சாட்சி.

அன்று மூவரும் அமர்ந்து பேசினோம். உண்மையில் பேசியவர் அம்மையார். நாம் தேநீர் குடித்தோம். தையல் ஆலையில் மணிக்கு இத்தனை துண்டு என்று கணக்குப் பார்த்தே பழகிய கை. கணவரின் நாட்குறிப்பை வாங்கினார். சென்ற பருவத்து இரவுகளை எண்ணினார். பத்து இரவுக்கு ஓர் இரவின் தொகையைத் தனி டப்பாவில் போட்டுவைத்தால், ஐப்பசியில் பத்து நாள் வருமானமின்றி இருந்தாலும் அரிசிக்குக் குறை வராது என்று கண்டார். “இதை முன்னாலேயே சொல்லியிருந்தால் பங்குனியிலிருந்தே போட்டிருப்பேனே” என்றார். அந்த ஆண்டு டப்பா இல்லாததால் பத்து நாள் ஐந்து நாளாயிற்று. மறுத்த திருமண நிகழ்ச்சியை ஆவடியிலிருக்கும் மிமிக்ரி கலைஞர் ஒருவருக்குக் கைமாற்றிவிட்டு, அவர் தாமாகக் கொடுத்த பங்கைப் பெற்றுக்கொண்டார்கள்.

அந்த ஆவடி நண்பரே பின்னர் உதவினார். திருவிழா இல்லாத மாதங்களில் செவ்வாய்க்கிழமைதோறும் முற்பகல், எம் மறைக்கல்வி வகுப்பறையின் திறவுகோலை இருவருக்கும் கொடுத்தோம். முதல் ஒரு மாதம் வீணாயிற்று. இருவரும் கைப்பேசியில் பிறருடைய நகைச்சுவைகளைப் பார்த்துச் சிரித்துவிட்டு வீடு திரும்பினார்கள். பார்ப்பதும் படிப்புத்தானே என்பது அவர்கள் வாதம். ஒரு மாதம் பார்த்தும் நோட்டில் ஒரு வரி ஏறவில்லை என்பதே அதற்கு விடை. அதன் பிறகு செவ்வாய் முற்பகலில் கைப்பேசி அம்மையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. வாராந்தர விடுமுறையை அவர் செவ்வாய்க்கு மாற்றிக்கொண்டிருந்தார். ஏஜெண்டு அழைத்தால் அவரே பேசி, நாட்குறிப்பைப் பார்த்து நாள் கொடுத்தார். கணவரைவிட அவர் கூடுதலாகவே தொகை பேசுகிறார் என்பது ஏஜெண்டு வட்டாரத்தில் தெரிந்துபோயிற்று!

வகுப்பறையில் அவர்கள் செய்தது எளிய பயிற்சி. நாளிதழைக் கண்ணை மூடிப் பிரித்து, விரல் பட்ட செய்தியைப் பற்றி ஒருவர் ஐந்து நிமிடம் நிறுத்தாமல் பேச வேண்டும். மற்றவர் ஆர்மோனியக்காரர் போல் அமர்ந்து, இடையிடையே வேண்டுமென்றே வழிமாற்றிக் கேள்வி கேட்க வேண்டும். பேசுபவர் அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக்கூடாது. சிமெண்டு விலை பற்றித் தொடங்கிய பேச்சு மாமியார் வீட்டுப் பலகாரத்தில் முடிந்ததை ஒரு நாள் கதவோரம் நின்று நாமும் கேட்டோம். பின்னர் நோட்டை எடுத்து, தேறியவற்றை மட்டும் எழுதுவார்கள். முற்பகல் முழுவதும் பேசி இரண்டு வரி தேறினால் நல்ல நாள். வீட்டில் மகள் அதைத் தணிக்கை செய்வாள். பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். “அப்பா, இது ஏற்கெனவே வந்துவிட்டது” என்று அவள் கூறினால் அந்த வரி அடிக்கப்படும்.

பயிற்சியை மழைக்காலத்தோடு முடித்துக்கொள்ளாமல் திருவிழாக் காலத்திலும் தொடர அவர் முதலில் முயன்றார். சித்திரையில் இரவெல்லாம் நின்று, விடியலில் பேருந்து ஏறி, அடுத்த ஊரில் இறங்குபவர் புதிதாக எதைக் கற்பது? உடம்பு கெட்டதுதான் மிச்சம். இப்போது அந்த மாதங்களில் ஒரே ஒரு கடமையை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார். நாடகம் முடிந்து பேருந்தில் அமர்ந்ததும், கண் மூடுவதற்கு முன் பத்து நிமிடம் நோட்டில் எழுதுவது. உறங்கி எழுந்தால் எடுபட்டது மட்டுமே நினைவிருக்கும், எடுபடாததை மனம் தானாக மறைத்துவிடும் என்கிறார். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்து பழகிய நமக்கு இது புதிய செய்தியன்று.

சென்னைக்கு வந்துபோவதில் அவருக்கு மற்றொரு தொல்லையும் சேர்ந்தது. தென்மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டிலிருந்து புறப்பட்ட காலத்தில் மேனாம்பேட்டிலிருந்து விரைவில் சென்று ஏறிவிடலாம். 2024 தொடக்கத்தில் அவை கிளாம்பாக்கத்திற்கு மாறிய பின், நகரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் செல்லவே ஒரு பொழுது கழிகிறது. அந்தப் பயணத்தை அவர் பாட்டுக்கு ஒதுக்கியிருக்கிறார். காதில் கருவியைப் பொருத்திக்கொண்டு பழைய நாடகப் பாடல்களைக் கேட்பார். உடன் பாடுவார் போலும், பக்கத்து இருக்கைக்காரர்கள் எழுந்து வேறிடம் செல்வதுண்டாம்.

தொலைவு செல்லாமலேயே கற்க வாய்ப்பிருப்பதையும் தாமதமாகத்தான் உணர்ந்தார். திருவள்ளூர், காஞ்சிபுரம் வட்டாரங்களில் திரௌபதி அம்மன் விழாக்களில் இரவு முழுவதும் கூத்து நடைபெறுகிறது. அதில் வரும் கட்டியக்காரன் பபூனுக்கு நெருங்கிய உறவினன். அரசனையும் கேலி செய்வான், அமர்ந்திருக்கும் ஊர்ப் பெரியவரையும் கேலி செய்வான், ஒன்றும் எழுதி வைத்ததன்று. காஞ்சிபுரத்தருகே 1990-இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம், பெ. இராசகோபால் அவர்களின் வழிகாட்டுதலில், 2002 முதல் 2020 வரை ஒரு குருகுலத்தையே நடத்திச் சிறுவர் சிறுமியர்க்குப் பள்ளிப் படிப்போடு கூத்தும் கற்பித்தது. தெற்கத்திக் கலைஞரான இவர் வடக்கத்திக் கூத்தை அதுவரை ஒருமுறையும் முழுதாகப் பார்த்ததில்லை. சென்ற ஆடியில் நிகழ்ச்சி இல்லாத ஓரிரவு, மகனை அழைத்துக்கொண்டு பார்வையாளராகச் சென்று விடியும்வரை அமர்ந்திருந்தார். கட்டியக்காரன் சிரிப்பு எழுந்த பின்பும் இரண்டு நொடி அசையாமல் நிற்கிறான், தாம் அதற்குள் அடுத்த வார்த்தையைக் கொட்டிவிடுகிறோம் என்று கண்டுகொண்டாராம். அந்த இரண்டு நொடி நோட்டில் ஏறியிருக்கிறது.

அண்மையில் அவ்வில்லம் சென்றிருந்தோம். மழைதான், தெருவில் கணுக்கால் அளவு நீர். சன்னல் ஓர நாற்காலியில் அவர் இல்லை, புதுக்கோட்டைக்குச் சென்றிருந்தார். இம்முறை முழுமையாகப் பத்து நாள். சுவரில் நம் பங்கு நாட்காட்டி தொங்கியது. அடுத்த ஆண்டுக்கான தாள்களும் வந்துவிட்டனவா என்று அம்மையார் ஆவலோடு கேட்டார். ஏன் என்றோம். வரும் பங்குனி, சித்திரைக்கு இதுவரை பதினேழு இரவுகள் பதிவாகியிருப்பதாகவும், அவற்றை நீல மையால் குறிக்க வேண்டும் என்றும் கூறினார்.

“சிவப்பு மை எதற்கு?” என்று மேசையிலிருந்த மற்றொரு பேனாவைக் காட்டிக் கேட்டோம்.

“அது செவ்வாய்க்கிழமைகளுக்கு, சாமி. அவற்றை முதலில் குறித்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு நாள் கொடுப்பேன்” என்றார்.